ஒன்பதாம் நிலையின் ஆழம்

1986ஆம் ஆண்டு மே 19, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. தருமபுரி மாவட்டம், பென்னாகரம் தாலுகா, தொட்டமடு நீர்த்தேக்கம். அணையின் அளவுகோலில் நீர்மட்டம் நாற்பத்தொன்பது அடி. ஒன்பதாம் நிலையில் ஆழம் நாற்பத்து நான்கு அடி.

மறுநாள் அதே நேரத்தில், அதே நீர்மட்டத்தில், அதே இடத்தில் ஆழம் நாற்பத்தோரு அடியாக இருந்தது.

செபாஸ்டின் முதலில் பரிசல்காரியைத்தான் சந்தேகித்தான். மூங்கிலைக் கூடைபோல் முடைந்து, சாக்கைச் சுற்றித் தாரைப் பூசி, அதைப் படகு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஓரிடத்தில் நிலையாக நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பதே தவறு. தீர்த்தம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். துடுப்பை மடியில் வைத்தபடி அவன் அளவுக் கயிற்றின் முடிச்சுகளை இரண்டாம் முறை எண்ணுவதை வேடிக்கை பார்த்தாள்.

"நான் நவுரலைங்க சார். நீங்க குறி வெச்ச பாறையும் மதகுக் கோபுரமும் அங்கதான நிக்குது" என்றாள்.

திசைகாட்டியில் பார்த்தான். பாறை சரியாக இருந்தது. கோபுரமும் சரியாக இருந்தது. மூன்றடி மட்டும் காணாமல் போயிருந்தது.

ஆறு ஆண்டுகள் அவன் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை அளந்தவன். கண்ணாடிபோன்ற நீருக்குள் முகமூடி அணிந்து இறங்கி, பாறையின் ஒவ்வொரு கிளையையும் படமாக வரைந்தவன். மேலதிகாரி ஒருவரை எல்லோர் முன்னாலும் முட்டாள் என்று சொன்னதற்காக, பிறந்த மாவட்டத்துக்கே மாற்றப்பட்டிருந்தான். கடத்தூருக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் ராகி விதைத்த குடும்பம் அவனுடையது. அந்தக் காட்டைவிட்டு ஓடத்தான் கடலைப் படித்தான். இப்போது அந்தச் செம்மண்ணைக் கரைத்தது போன்ற இந்தத் தண்ணீரின் அடியை அளந்து, மீன்வளத் திட்டத்துக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்க வேண்டும். ஆழம் அளக்க ஏரியில் மொத்தம் நாற்பது நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்த ஆழங்கள் அரையடிக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. முப்பத்தொன்பது முடிந்துவிட்டன; ஒன்பதாவது மட்டும் பாக்கி. ஜூன் 30க்குள் முழு வரைபடமும் போய்ச் சேர்ந்தால் பவளப்பாறை ஆய்வுக்கே திரும்பலாம் என்று எழுத்தில் சொல்லியிருந்தார்கள். சேராவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு.

ஆகவே அந்த மூன்றடி அவனுக்கு முக்கியம்.

தொட்டமடு மீனவர் சங்கத்தில் அறுபது குடும்பங்கள். பாதிப் பேர் அணை கட்டும்போது மண் சுமக்க வந்தவர்கள். வேலை முடிந்ததும் போக இடமில்லாமல் வலையைக் கையில் எடுத்தவர்கள். அவர்களை மீனவர்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் கூசியது. ஏரியின் நடுவில் அரை மைல் நீளத்துக்கு ஒரு பகுதியை மடு என்றார்கள். ஒன்பதாம் நிலை அதற்குள்தான் இருந்தது. அங்கே அவர்கள் அடியைத் தொடும் எதையும் போடுவதில்லை. வலையின் கீழ்விளிம்பில் ஈயம் கட்டுவதில்லை. சுரைக்குடுக்கையில் மிதக்கவிட்டு மேலாக ஓடும் சில்லறை மீன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நங்கூரக்கல் இறக்குவதில்லை. மீனை அங்கே கழுவுவதில்லை. வெற்றிலை எச்சிலைக்கூடத் தண்ணீரில் துப்புவதில்லை. அதற்கென்று ஒவ்வொரு பரிசலிலும் பழைய பால்மாவு டப்பா ஒன்று இருந்தது. அந்த டப்பாவின் நாற்றத்தோடுதான் அவன் தினமும் மடுவுக்குள் போக வேண்டியிருந்தது. குறிப்பேட்டில் 'உள்ளூர்ப் பழக்கங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒரே சொல்லை எழுதியிருந்தான்: மூடத்தனம். அடியில் கொழுத்துக் கிடக்கும் மீன்களைச் சோம்பலால் விட்டுவைத்துவிட்டு, அதற்கு ஒரு பயத்தைக் காரணமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது அவன் முடிவு.

மூன்றாம் நாள் ஆழம் முப்பத்தேழு அடி.

கயிறு இழுபட்டு நீண்டிருக்கலாம். அணைச் சுவரின்மேல் கயிற்றை நீட்டி இரும்பு நாடாவால் அளந்தான். மறுமுனையைச் சங்கச் செயலாளர் மாயவன் பிடித்துக்கொண்டார். கயிறு சரியாக இருந்தது. மாயவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அக்கறையோடுதான் ஒரு யோசனை சொன்னார்.

"மூணு வாட்டியும் நாப்பத்து நாலுன்னு எழுதிட்டுப் போயிடுங்க சார். தண்ணிக்கு அடியில யாரு வந்து பாக்கப் போறாங்க?"

இந்த ஊர் ஏன் இப்படியே கிடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்று செபாஸ்டினுக்குத் தோன்றியது. அவன் வாழ்க்கையில் ஒரு எண்ணைக்கூடக் கற்பனையாக எழுதியதில்லை. கயிற்றைச் சுருட்டினான். அன்று பிற்பகல் மறுபடி போய், ஒரு கல்லைக் கட்டிய தகர டப்பாவை ஒன்பதாம் நிலையில் மிதவையாக விட்டு வந்தான். தீர்த்தம்மாள் கல்லைத் தொட மறுத்துவிட்டாள். அவனேதான் தூக்கிப் போட்டான். கயிறு விறைத்து நிற்கும்படி அளந்து கட்டியிருந்தான். இனி இடம் மாறியது என்று யாரும் சொல்ல முடியாது.

அவனைத் தொந்தரவு செய்தது ஆழம் மட்டுமல்ல. அவனுடைய ஈயக்குண்டு நான்கு கிலோ எடை. அதன் அடிப்பாகத்தில் ஒரு குழி உண்டு. அந்தக் குழியில் ஆட்டுக்கொழுப்பை அப்பி இறக்கினால், அடியிலிருக்கும் மண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். தருமபுரியில் ஹயாத் பாஷாவின் கறிக்கடையில்தான் கொழுப்பு வாங்குவான். மற்ற நிலைகளில் கறுப்புச் சேறு வந்தது, மணல் வந்தது, ஒருமுறை உடைந்த வளையல் துண்டு வந்தது. ஒன்பதாம் நிலையில் முதல் நாள் கொழுப்பு வெறுமனே, வெள்ளையாக, போன மாதிரியே வந்தது. இரண்டாம் நாள் பாதி இல்லை. மூன்றாம் நாள் குழி சுத்தமாக இருந்தது, துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி.

மீன் தின்றிருக்கும். அப்படித்தான் குறிப்பேட்டில் எழுதினான்.

ஆனால் கயிறு பிடித்த விரல்களுக்குத் தெரியும். சேற்றில் இறங்கும் குண்டு மெதுவாகப் புதையும். பாறையில் இறங்கினால் தட்டும். பவளத்தில் இறங்கினால் உடையும் ஓசை கயிறு வழியே வந்து மணிக்கட்டைக் கூசவைக்கும். இங்கே இந்த மூன்றும் இல்லை. கீழே எதுவோ குண்டைக் கீழே விழவிடாமல் வாங்கிக்கொண்டது. மேலே இழுக்கும்போது ஒரு கணம் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு விட்டது.

மே 23ஆம் தேதி போனபோது தூரத்திலேயே மிதவை தெரிந்தது. டப்பாவைச் சுற்றி, தண்ணீரின் மேல், கயிறு தளர்ந்து வளையம் வளையமாகக் கிடந்தது. காற்றில்லை. வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரக் கயிற்றின் சுருள்கள் பரிசலின் அலைக்கு ஒன்றன்மேல் ஒன்று உரசி விலகுவதை அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு அறுபடவில்லை. இழுத்துப் பார்த்தான், கல் கீழே இருந்தது. ஆனால் அந்தக் கீழ் முன்னைவிட மேலே வந்திருந்தது.

குண்டை இறக்கினான். முப்பத்தோரு அடி.

பவளப்பாறையும் வளரும். வருடத்துக்கு ஒரு விரற்கடைகூட இருக்காது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வாய்கள், தண்ணீரில் வருவதைத் தின்று தின்று, தன் மேலேயே தன்னைக் கட்டிக்கொண்டு எழும். ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு அவன் பெருமையாகச் சொல்கிற பாடம் அது. அன்று பரிசலில் அந்தப் பாடம் நினைவுக்கு வந்ததும், காரணமில்லாமல், பரிசலுக்கு வெளியே தொங்கிய கையை உள்ளே இழுத்துக்கொண்டான். தீர்த்தம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அதற்காக அவள்மேல் அவனுக்குக் கோபம் வந்தது.

புதுக் கயிறு வாங்கவேண்டும் என்று சொல்லித் தருமபுரிக்குப் போனவன் ஒன்பது நாள் திரும்பவில்லை. பயத்தால் அல்ல, அலுவலக வேலை இருந்தது. அலுவலக வேலை இரண்டு நாளில் முடிந்தது என்பதும் உண்மை.

ஜூன் 2ஆம் தேதி அளந்தபோது ஆழம் முப்பத்தோரு அடி. மாறவேயில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. வண்டல் சரிந்து குவிந்திருக்கிறது, இப்போது படிந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு அளவுகள் ஒத்துப்போய்விட்டன. இன்னும் ஒன்றே ஒன்று. குழியில் புதுக் கொழுப்பை அழுத்தி அப்பியிருந்ததும், அது சுத்தமாகத் துடைக்கப்பட்டு வந்ததும் அன்று அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

மறுநாள் ஆழம் இருபத்திரண்டு அடி.

கயிற்றைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். தண்ணீரிலிருந்து ஒரு வாடை வந்தது. சேற்று வாடையோ மீன் வாடையோ அல்ல. மாடு முகத்தருகே மூச்சுவிடும்போது வருகிற, வெதுவெதுப்பான, அசைபோட்ட வாடை. தீர்த்தம்மாள் டப்பாவை எடுத்து எச்சிலைத் துப்பிவிட்டு, மூடியை அழுத்தி மூடினாள். பிறகு, அவன் கேட்காமலே பேசினாள்.

"ஒம்போது நாளு நீங்க வரலை. அது அங்கியேதான் இருந்துச்சு. வந்தீங்க, போட்டீங்க. மேல வருது."

"எது மேல வருது?"

"அதுக்கு நாங்க பேரு வெக்கலைங்க. வெச்சா கூப்புட்ட மாதிரி ஆயிடும்." பிறகு துடுப்பைத் தண்ணீருக்குள் நுழைத்து, "கடலையே அளந்தவரு நீங்க. இந்தக் குட்டையப் போயி எங்கிட்ட கேக்கறீங்க" என்றாள்.

அணையின் விருந்தினர் விடுதியில் அவனுக்கு ஓர் அறை இருந்தது. அன்று மாலை ஈயக்குண்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, சன்னலிலிருந்து சர்க்கரை டப்பாவை நோக்கிப் போகும் எறும்புச் சாரியைக் கவனித்தான். குண்டின் குழியில் கொழுப்பு வாடை இன்னும் இருந்தது. எறும்புகள் குண்டுக்கு ஒரு சாண் முன்னால் வளைந்து, சுற்றி, மறுபடி நேர்கோட்டுக்கு வந்தன. விரலால் சாரியைக் கலைத்துவிட்டான். அவை சிதறி ஓடி, மறுபடி கூடி, அதே தூரத்தில் வளைந்தன. குண்டை எடுத்து அறைக்கு வெளியே வைத்தான். கதவைத் தாழிட்டான். நான்கு கிலோ ஈயத்துக்காகக் கதவைத் தாழிட்ட தன்னையே ஏளனமாக நினைத்துக்கொண்டு படுத்தான்.

ஜூன் 4. கொழுப்பு இல்லாமல் அளப்பது என்று முடிவுசெய்தான். குண்டைச் சவுக்காரமும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவினான். அவள் சொன்னதற்காக அல்ல; ஒரு காரணியை விலக்கிப் பார்ப்பது முறையான ஆய்வு. வெறும் ஈயத்தை இறக்கினான். கயிறு சீக்கிரமே தளர்ந்தது. இருபது. இன்று வேகம் குறைந்துவிட்டது என்று நினைத்தான். மேலே இழுத்தான். வரவில்லை. இம்முறை பிடி கணநேரத்தில் விடவில்லை. கயிற்றில் ஒரு சீரான அசைவு இருந்தது; இழுப்பு, தளர்வு, இழுப்பு, தளர்வு. அவசரமில்லாத அசைவு. ஐம்பது வரை எண்ணினான். பிறகு விட்டது. உடனே மறுபடி அளந்தான், பதின்மூன்று.

குண்டு பளபளத்தது. சங்கத்தின் மீன் தராசில் வைத்துப் பார்த்தான். மூன்று கிலோ நானூறு கிராம். அடிக்குழி அகன்று, விளிம்பு மழுங்கி, மாடுகள் நாள்பட நக்கிய உப்புக்கல்லைப்போல் வழவழப்பாக இருந்தது. மாயவன் முள்ளைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார், தராசைக் கழுவச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் தீர்த்தம்மாள் வரவில்லை. அவன் அவள் குடிசை வாசலுக்கே போனான். உரிமம் புதுப்பிக்கும் பட்டியலில் தன் கையெழுத்து இல்லாமல் ஒரு பரிசலும் தண்ணீரில் இறங்க முடியாது என்றான். அறுபது குடும்பமும் பட்டினி கிடக்கும் என்றான். தன் குரல் உயர்ந்திருப்பதை அவனே கவனித்தான். இன்னும் ஒரு முறை போய் அளந்தால்கூட மூன்று அளவுகள் ஒத்துப்போகப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் அளக்காமல் விட்டால் இவர்கள் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். பால்மாவு டப்பாவில் துப்பிக்கொண்டு திரிகிறவர்கள் சரி, அவன் தவறு. அதைச் சுமந்துகொண்டு எந்தக் கடலுக்குத் திரும்புவது?

தீர்த்தம்மாள் சுவரில் சாய்த்திருந்த துடுப்பைக் கையில் எடுத்தாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். மடுவின் எல்லைவரை அவள் வருவாள். அங்கிருந்து அவன் இன்னொரு பரிசலில் தனியாகப் போக வேண்டும். ஒன்பதாம் நிலை எல்லையிலிருந்து இருநூறு அடிதான். அவன் பரிசலில் கயிறு கட்டி மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். இரும்பு, ஈயம், கொழுப்பு எதுவும் கூடாது.

ஜூன் 6, வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. அடிக்கணக்குக் கீறிய ஒரு மூங்கில் கழி, குறிப்பேடு, பென்சில். பரிசலில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை என்பதால் செருப்பைக் கரையில் விட்டிருந்தான். மடுவின் விளிம்பில் இரண்டு பரிசல்களும் பிரிந்தன.

"வேர்வை சொட்டாம பாத்துக்குங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

துடுப்புப் போடத் தெரியாதவன் கையில் பரிசல் சுற்றிக்கொண்டேதான் போகும். பாறை, மதகுக் கோபுரம், கரையின் புளியமரங்கள், தீர்த்தம்மாள், மறுபடி பாறை என்று எல்லாம் அவனைச் சுற்றி வந்தன. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் குத்தியது. தார் உருகும் வாடை. துடுப்பின் சளசளப்பு. மிதவைக் கயிறு முழுவதும் இப்போது தண்ணீரின் மேல்தான் கிடந்தது, அவிழ்த்துப் போட்ட தலைமுடி மாதிரி. அந்தச் சுருள்களுக்கு நடுவே, டப்பாவுக்குப் பக்கத்தில், அவன் கட்டிய கல் தெரிந்தது.

கல் நனையாமல் இருந்தது.

அப்போதுதான் பரிசல் சுற்றுவது நின்றிருந்ததை உணர்ந்தான்.

கழியை விளிம்புக்கு வெளியே ஊன்றினான். ஒரு சாண்கூட இறங்கவில்லை. ஏரியின் நடுவில், நாற்பத்து நான்கு அடித் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில், பரிசல் தரைதட்டி நின்றது. கழியின் நுனி மெத்தென்று எதிலோ அமிழ்ந்தது. அந்த எதுவோ கழியை லேசாக மேலே தள்ளியது.

அலைச் சத்தம் இல்லை. பறவை இல்லை. மூச்சுச் சத்தம் இருந்தது. தன்னுடையது என்று நினைத்தான். மூச்சை அடக்கினான்.

சத்தம் நிற்கவில்லை.

நெற்றியில் வேர்வை ஊறியது. சட்டைக் கையால் ஒற்றினான். மறுபடி ஊறியது. மூக்கின் நுனிக்கு வந்தது. தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டான். கழுத்துவழி இறங்கியது. முதுகில் இறங்கியது. கணுக்காலுக்கு வந்தது.

ஒரு சொட்டு.

பரிசலின் அடி அசைந்தது. ஒரு விளிம்பில் தொடங்கி, மெதுவாக, பரிசலின் அகலம் முழுக்க, மறு விளிம்புவரை. எழும்பித் தாழ்ந்தது. மறுபடி முதல் விளிம்பிலிருந்து. ஒவ்வொரு முறையும் தார் வாடை கொஞ்சம் குறைந்தது. பிறகு தார் வாடையே இல்லை. பிறகு சாக்கு நார்கள் பிய்ந்து விலகும் சன்னமான ஓசை. மூங்கில் பின்னலின் கண்கள் வழியே வெளிச்சம் வரவில்லை. தண்ணீரும் வரவில்லை.

வந்தது வெதுவெதுப்பாக இருந்தது.

கத்த வாயைத் திறந்தான். கத்தவில்லை. வலி இல்லை. பாதத்தின் அடியில் மிருதுவாக, பொறுமையாக, ஒவ்வொரு விரலிடுக்கிலும். ஆறு வயதில் அம்மை போட்டிருந்தபோது ஆரோக்கியம்மாள், அவனுடைய தாய், ஈரத்துணியால் ஒற்றியெடுத்தது இப்படித்தான் இருந்தது. இந்த மாவட்டத்துக்கு வந்த பிறகு முதல்முறையாக எதுவோ அவனை மரியாதையாக நடத்துகிறது என்று நினைத்தான். கண்கள் சொருகின. தோள்கள் தளர்ந்தன. குறிப்பேட்டைத் திறந்து ஒன்பதாம் நிலையின் கட்டத்தில் பூஜ்யம் எழுதினான். எழுத்து கோணவில்லை.

தூரத்தில் ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கயிறு விறைத்தது. பரிசல் நகரவில்லை. மறுபடி விறைத்தது. வேண்டாம், விடு என்று கையசைத்தான். மூன்றாவது இழுப்பில் ஈரமான எதுவோ வாய்விட்டுப் பிரிவதுபோல் ஓர் ஓசை கேட்டது. பரிசல் சரிந்து, சுற்றி, எல்லையை நோக்கி ஓடியது. அடியின் வழியே இப்போது தண்ணீர் வந்தது. குளிர்ந்த, சாதாரணத் தண்ணீர். அவனுக்கு அழுகை வந்தது.

தீர்த்தம்மாள் தன் பரிசலை ஒட்டி நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். துடுப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"காலத் தூக்குங்க சார். நீங்க பாக்க வேணாம். தூக்குங்க."

அவன் பார்த்தான். இரண்டு கணுக்கால்களிலும் தோல் சுத்தமாக, வட்டமாக முடிந்திருந்தது. அதற்குக் கீழே எலும்புகள் மட்டும் இருந்தன, வெள்ளையாக, ஈரமாக, ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. விரல்களை மடக்கிப் பார்த்தான்.

மடங்கின.

வரைபடம் ஜூன் 30க்குள் போய்ச் சேரவில்லை. மன்னார் வளைகுடா ஆய்வுக்கு ஜூலை முதல் வாரத்தில் வேறொருவர் நியமிக்கப்பட்டார்.